ஒடியல்மாப் பெட்டிக்குள் ஒரு பிளக்

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து வங்காள விரிகுடாவில் மூன்று புயல் என்று றேடியோ சொன்னது. முதல் இரண்டுக்கும் நான்தான் முதல்நாளே கத்திக் குழறி வள்ளத்தைக் கரையேற்ற வைத்தேன். இரண்டும் எங்கள் தொண்டைமானாற்றை எட்டியும் பார்க்கவில்லை. கரை முழுக்க என்னை 'றேடியோச் சின்னத்தங்கம்' என்று பகிடி பண்ணினார்கள்.

மூன்றாவது சேதி வந்த காலை, வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. எல்லாரும் கடலுக்குப் புறப்பட்டார்கள். என் வீட்டுக்காரர் பஞ்சலிங்கமும் வலையைத் தோளில் போட்டார்.

"உந்தப் புயல் வராது, தங்கம்."

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலுக்கு முன்னும் இப்படித்தான் வெயில் எறித்தது. அன்று கடலுக்குப் போன, என்னைப் பெற்ற ஐயா திரும்பவேயில்லை. ஆனால் வலை தோளில் ஏறிய பிறகு மறித்து ஒரு சொல் சொல்லக்கூடாது. எங்கள் கரையில் அது பெரிய அபசகுனம். அவர் வலையை வள்ளத்தில் வைக்கப் போன நேரம் பார்த்து, கொட்டிலில் கிடந்த எஞ்சினைப் பற்றவைக்கிற பிளக்கைக் கழற்றி, பனங்கிழங்கு இடித்த ஒடியல்மாப் பெட்டிக்குள் புதைத்துவிட்டேன்.

எஞ்சினை எடுக்கத் திரும்பி வந்தார். எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மும்முரமாக அரிசி அரித்தேன். போய் வலையைத் தூக்கிவந்து, முற்றத்தில் இருந்து கிழிசல் பொத்தத் தொடங்கினார்.

பகல் முழுக்க வெட்கங்கெட்ட வெயில். ஒரு ஓலைகூட ஆடவில்லை. பின்னேரம் பக்கத்து வீட்டு இளையதம்பி அண்ணை கடகம் நிறையச் சூடை மீனோடு வந்தார்.

"கடல் குளம் மாதிரிக் கிடந்தது, பஞ்சலிங்கம். உனக்கென்ன, காய்ச்சலே?"

"ஓம் அண்ணை, கொஞ்சம் மேல் அலுப்பு."

எனக்காகப் பொய் சொன்னார். புயல் நடுக்கடலிலேயே கலைந்துவிட்டதாம் என்று ஆறு மணிக்கு றேடியோ சொன்னபோது, அதைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது. மா அப்பிய பிளக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

"நான்தான் ஒளிச்சனான். ஏசுறதெண்டால் ஏசுங்கோ."

அவர் ஏசவில்லை. மடியை அவிழ்த்து எதையோ எடுத்து, என் உள்ளங்கையில் அதற்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொரு பிளக். புத்தம் புதியது.

"ஒரு பிளக்கை நம்பி ஆரும் கடலுக்குப் போவினமே, விசரி?"

"அப்ப ஏன் போகேல்லை?"

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"உன்ரை ஐயா அண்டைக்கு ஒருநாள் வீட்டிலை நிண்டிருக்கலாம் எண்டு எத்தினை தரம் அழுதிருப்பாய்? அதுதான், நான் நிண்டனான்."