விரலில் ஒரு வலை முடிச்சு

லாசரின் வலது ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டு இருபத்தொரு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன. மூங்கில் தப்பை வைத்த அந்த விரலைவிட்டு அவன் மனைவி தேசம்மாவின் கண் நகரவில்லை.

மீன் கத்தி விரலடியில் இறங்கி, மடக்கும் தசைநாரை அறுத்துவிட்டது. மயிலாப்பூர் டாக்டர் சுந்தரராமன் பட்டு நூலால் தைத்தார். "இருபத்தொரு நாள் அசைக்கப்படாது. இழுத்தா தையல் பிச்சுண்டு வந்துடும்" என்றார். விரல் மடங்காவிட்டால் கயிறு பிடிக்க முடியாது. கயிறு பிடிக்காதவனைக் கட்டுமரத்தில் யார் ஏற்றுவார்கள்?

டிஸ்பென்சரி பெஞ்சில் பக்கத்தில் ஜட்கா வண்டிக்கார அப்துல் கய்யூம். அவருக்கும் அதே வெட்டு, அதே தையல். நேற்றுதான் கட்டைப் பிரித்தார்கள். விரல் குச்சி மாதிரி விறைத்து நின்றது.

"டாக்டர் சொன்னத ஒரு நாள் மீறல நைனா. இப்ப பாரு, குதிரைக்கு வழி காட்டத்தான் ஆவும்" என்று சிரித்தார்.

லாசரும் சிரித்தான். தேசம்மா சிரிக்கவில்லை. சொன்னபடி கேட்டவருக்கே இந்தக் கதி.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என் கம்பவுண்டர் போட்ட முடிச்சு இல்லையே. வலைக்குப் போடற முடிச்சுன்னா இது?"

"தளந்துட்ச்சி சார், இறுக்கிக்கினேன்" என்ற லாசர், தேசம்மாவின் காலை மெல்ல மிதித்தான்.

தப்பை விலகியது.

"மடக்கு."

தேசம்மா மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். விரல் நடுங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து உள்ளங்கைக்கு அருகில் வந்தது. டாக்டர் தன் விரலைக் கொக்கியாக மாட்டி லேசாக இழுத்துப் பார்த்தார். தையல் தாங்கியது.

"கய்யூமுக்கு உள்ளே சதையோட ஒட்டிண்டுடுத்து. இது ஒட்டலை. என்ன பண்ணினேள்?"

"ஒண்ணும் பண்ல சார்" என்றான் லாசர்.

"அப்போ அடுத்து வர்றவனுக்கும் நான் அதே கட்டுதான் போடுவேன்."

கதவிடுக்கில் கய்யூமின் விரல் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் டாக்டர் திட்டுவார், இனிமேல் படியேறாதே என்பார். தேசம்மா லாசரின் காலடியிலிருந்து தன் காலை இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் சார். எட்டாம் நாள்லேந்து தெனம் கட்ட அவுத்தேன். இவர இழுக்க வுடல, நானே புடிச்சி மடக்கி மடக்கி நீட்டினேன். சும்மா போட்டு வெச்ச கயிறு வெறச்சிப் பூடும் சார், அதான்."