எதை வேணா வெட்டுங்க

மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்துவிட்டது என்று ரேடியோ சொன்னபோது டேரல் ஹஸ்பி ஒரு பழ லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். விழுந்தது கைக்குட்டை அளவுத் துண்டு இல்லை, ஊரையே போர்த்துகிற ஜமுக்காளம். அதைச் சரிக்கட்ட இனிமேல் டயர் மாட்டுகிற கூலிக்கும் வரி, வீட்டு வரிக்கு இருந்த உச்சவரம்பும் போய்விடும் என்றது ரேடியோ. டேரலுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்குக் கழுத்து வரை சிவந்தது.

"போன தடவை ரோடு போடறேன்னுதானே பெட்ரோலுக்கு ஏத்தினாங்க? ரோடு எங்கடா?" என்று கேட்டான்.

கேட்டது மெர்லிடம். பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருந்தாலும், அவனுக்குக் காபி மட்டும் டேரலின் கடையில்தான்.

"உனக்கென்னப்பா, குழி இருந்தாத்தானே உனக்குச் சோறு?"

"அந்தக் குழி போடற சோத்துலயும் பங்கு கேக்கறாங்களே, அதைச் சொல்லு."

மெர்ல் சிரித்தான். டேரல் சிரிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழை, தலைநகர், பெரிய பெரிய சம்பளங்கள். இந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டம், வெயில், டயர் கடை. வரி போடுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம், கட்டுகிறவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் என்பது எல்டன் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அது முழுக்க உண்மையா என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் அந்த ஆளுக்கு அப்புறம் எங்கேயும் காபி கிடைக்காது. ஆனாலும் டேரல் சும்மா கத்துகிற ஆளில்லை. இரண்டு வருஷமாக ஒரு பையனை வேலைக்கு வைத்துக்கொள்ள வழியில்லாமல், அறுபதை நெருங்கும் வயதில் தானே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். வீட்டை விற்று அந்தப் பணத்தில்தான் கடையைக் காப்பாற்றினான். இப்போது கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது.

அவனுக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது தங்கை ட்ரூடி ஒருத்திதான். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். ஐம்பது வயதாகியும் கன்னம் மட்டும் குழந்தைக் கன்னம். அம்மா போன பிறகு எல்டனிலேயே கோல்பி ஹவுஸ் என்கிற அரசாங்க இல்லத்தில் இருந்தாள். மொத்தம் ஆறு பேர், ஆளுக்கொரு அறை, பின்பக்கம் தக்காளிப் பாத்தி. தூக்கத்தில் அவளுக்கு வலிப்பு வரும் என்பதால் இரவெல்லாம் பக்கத்தில் ஆள் வேண்டும். இல்லத்தில் அதற்கு ஆள் இருந்தார்கள். டேரல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அவளுக்குப் பான்கேக் சுட்டுக் கொடுப்பான். கருகினதுதான் அவளுக்குப் பிடிக்கும், அவனுக்கும் அதுதான் சுடவரும்.

அங்கே ட்ரூடியின் உயிர்த்தோழி ஓபல். காது கேட்காது. அதனால் அந்த வீட்டில் யாரும் கை தட்டுவதில்லை. பாராட்ட வேண்டுமென்றால் இரண்டு கையையும் மேலே தூக்கி, விரலை விரித்துப் படபடவென்று ஆட்ட வேண்டும். டேரல் பான்கேக்கைச் சட்டியில் திருப்பிப் போட்டால்கூட ஆறு ஜோடிக் கை மேலே போகும். அவன் வாழ்க்கையில் அவனைப் பாராட்டியவர்கள் அந்த ஆறு பேர்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அவன் கிளம்பும்போது யோலாண்டா வாசல் வரை வந்தாள். அந்த வீட்டை நடத்துகிறவள் அவள்தான், ட்ரூடிக்கு இன்னொரு அம்மா மாதிரி.

"டேரல், நீங்க தலைநகருக்குப் போய்ப் பேசப்போறீங்களாமே?"

"ஊரே போகுது. நான் போகாம?"

"போகக் கூடாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த வரி வரலேன்னா இந்த மாதிரி வீடுகள்லதான் கைய வைப்பாங்கன்னு பேசிக்கறாங்க. போன வாரம் ஆள் வந்து ரூம் ரூமா அளந்துட்டுப் போனாங்க."

டேரல் தொப்பியைச் சரி செய்துகொண்டான். "அவங்க வீட்ட அளக்கல யோலாண்டா, சும்மா கதை அளக்கறாங்க. வரி வேணாம்னு சொன்னா உடனே ஊனமுற்றவங்க, வயசானவங்க, பள்ளிக்கூடம்னு எடுத்து முன்னால வைப்பாங்க. எத்தனை தடவை பாத்துட்டேன். எதையாவது மூடியிருக்காங்களா?"

"இந்தத் தடவை நிஜம் மாதிரி இருக்கு."

"மிரட்டல். நீங்க பயப்படாதீங்க."

உள்ளேயிருந்து ட்ரூடி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருபது முப்பது பிக்கப் வண்டிகள் வரிசையாகக் கணவாயைத் தாண்டின. பனி கொட்டியது. பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க டேரல் தன் செலவில் நாலு பேர் வண்டிக்குச் சங்கிலி மாட்டிவிட்டான். சட்டமன்றத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிற அறை நிரம்பி வழிந்தது. குழுவின் தலைவி ஒரு வயதான அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "இந்த அறையில் கைதட்டல் கூடாது, கூச்சல் கூடாது. பேச்சு பிடித்திருந்தால் கையை உயர்த்தி ஆட்டலாம்" என்று சொன்னார். அந்த அறையின் பழைய வழக்கம் அது. மெர்ல் மட்டும், "இது என்னடா நர்சரி ஸ்கூல் மாதிரி" என்று முணுமுணுத்தான்.

டேரலுக்கு முன்னால் பேசியவர்கள் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார்கள். அவன் வெறுங்கையோடு மைக் முன்னால் உட்கார்ந்தான். கையில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் இருந்தது.

"அம்மா, நான் டயர் கடைக்காரன். எனக்குத் துண்டு விழுந்தப்ப நான் யார் வீட்டுக் கதவையும் தட்டல. என் வீட்ட வித்தேன். வேலைக்கு இருந்த பையனை நிறுத்தினேன். அழுதுட்டேதான் நிறுத்தினேன். வரவுக்குள்ள செலவு பண்றது எப்படின்னு எங்களுக்கெல்லாம் தெரியும். உங்களுக்கு மட்டும் ஏன் தெரியல? இனிமே எங்ககிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. உங்க பக்கம் எதை வேணா வெட்டுங்க. எங்க மேல கைய வைக்காதீங்க."

அறை முழுக்கக் கைகள் எழுந்தன. நூற்றுக்கணக்கான கைகள், தோட்டக்காரர் கை, லாரி ஓட்டுநர் கை, அங்கே எதிர்க்கருத்துச் சொல்ல வந்திருந்த ஒரு டீச்சரின் கைகூட. எல்லாம் படபடவென்று ஆடின. அவ்வளவு பேர் தன் பேச்சைக் கேட்பார்கள் என்று டேரல் கனவிலும் நினைத்ததில்லை.

சட்டமன்றத்தில் நடப்பதை அப்படியே காட்டும் டிவி சேனல் ஒன்று உண்டு. சாதாரண நாளில் அதை ஈகூடப் பார்க்காது. அன்று ட்ரூடி அடம்பிடித்ததால் கோல்பி ஹவுஸில் அதைத்தான் போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவன் உள்ளே நுழைந்ததும் ட்ரூடி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"டேரி! டிவில உன்னப் பாத்தேன்! எல்லாரும் உனக்கு இப்படிப் பண்ணாங்க!" இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். "அங்க எல்லாருக்கும் ஓபல் மாதிரி காது கேக்காதா?"

"கேக்கும் ட்ரூடி. அங்க ஒரு பழக்கம், அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுப் பழக்கம்! அப்ப அவங்க நல்லவங்க." பெருமை தாங்கவில்லை அவளுக்கு. மார்பை நிமிர்த்திக்கொண்டு, அவன் குரல் மாதிரியே கட்டையாக, "எதை வேணா வெட்டுங்க!" என்றாள். ஓபல் அவள் வாயசைவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அடுப்படியில் யோலாண்டா திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாசகம் எல்டனில் வண்டிக்கு வண்டி ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் டேரலின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் வரி மசோதா ஓட்டுக்கே வராமல் செத்துப்போனது. மெர்ல் பீர் வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் கடை வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். டேரல் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்த நாள் அது.

மே மாதம் யோலாண்டா கடைக்கே வந்தாள். அவள் வண்டி டயரில் ஏதோ பிரச்சினை என்று நினைத்து அவன் ஜாக்கியை எடுக்கப் போனான்.

"டயர் இல்ல டேரல். எங்க வீட்ட மூடறாங்க. ஜூன் கடைசியோட."

அவன் ஜாக்கியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"ட்ரூடிக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நிலையத்துல இடம். ஓபல் வேற ஊர். சேத்துப் போடுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். இடம் இல்லேன்னுட்டாங்க." அவள் முகம் அழுது ஓய்ந்த முகமாக இருந்தது. அவனைத் திட்டியிருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு டேரல் போன் போட்டான். எடுத்தது ஒரு இளைஞன், தேனொழுகப் பேசினான். பெயரைச் சொன்னதும், "சார், அந்த டயர் கடை சார் நீங்கதானே? எங்க மெம்பர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உங்க பேச்சைத்தான் சொல்றார் சார்!" என்றான். கோல்பி ஹவுஸ் என்று டேரல் ஆரம்பித்ததும் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா எங்கயாவது வெட்டித்தானே ஆகணும். உங்களுக்குத் தெரியாததா?"

டேரல் போனை வைத்துவிட்டான். அந்த இளைஞன் கிண்டல் செய்யவில்லை, நிஜமான மரியாதையோடுதான் சொன்னான். அதைத்தான் டேரலால் தாங்க முடியவில்லை.

"ட்ரூடி வீடு அதுல வரும்னு யாருக்குடா தெரியும்? நீ ஏன் உன்னையே போட்டு அடிச்சுக்கற?" என்றான் மெர்ல்.

"எனக்குத் தெரியும்டா. யோலாண்டா சொன்னா. நான்தான் மிரட்டல்னு சொன்னேன்."

மெர்ல் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வண்டியிலிருந்த ஸ்டிக்கர் மறுநாள் இல்லை.

ட்ரூடியைத் தன் அறைக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று டேரல் முயன்றும் பார்த்தான். கடைக்கு மேலே செங்குத்தான இரும்புப் படி, ஒற்றைக் கட்டில். இரண்டாம் இரவே வலிப்பு வந்து அவள் கீழே விழுந்தாள். நெற்றியில் தையல் போட்ட டாக்டர், இது தனி ஆள் பார்க்கிற காரியம் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். வீட்டை விற்காமல் இருந்திருந்தால் என்று அவன் நினைத்துக்கொண்டான், நினைத்து என்ன?

ட்ரூடியிடம் சொல்லும் வேலையை யோலாண்டா அவனுக்கே விட்டுவிட்டாள். அவன் பான்கேக் சுட்டான். சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான். வேறு ஊர், வேறு அறை, ஓபல் வர மாட்டாள்.

ட்ரூடி அழவில்லை. அவளுக்குப் பயமே இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ அவன் மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது போலச் சொன்னாள்:

"நீ போய்ச் சொல்லு டேரி. எனக்கு வேண்டாம்னு சொல்லு. நீ சொன்னா அவங்க கேப்பாங்க."

"ட்ரூடிம்மா, நான் சொல்லித்தான் இப்படி ஆச்சு." அவன் காலித் தட்டை நகர்த்தி வைத்தான். "வெட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்க கேட்டுட்டாங்க."

அவள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். அவளுக்கு இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

"அப்ப போய் வெட்டாதீங்கன்னு சொல்லு."

"இப்ப அங்க யாரும் இல்லம்மா. மன்றக் கூட்டம் முடிஞ்சுடுச்சு. இனிமே ஜனவரிலதான் கூடுவாங்க."

"ஜனவரில சொல்லுவியா?"

"சொல்றேன்" என்றான். அந்த நேரத்துக்கு அவளுடைய முகம் வாடாமல் இருந்தால் போதும் என்று சொன்ன வார்த்தை அது.

புது நிலையம் பெரியது, சுத்தமானது. தரை பளபளத்தது. ஜூலையில் அவன் முதன்முறையாகப் பார்க்கப் போனபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அவனை நீளமான நடை வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீங்கதான் டேரியா? நல்லவேளை வந்தீங்க. ட்ரூடி பெட்டியப் பிரிக்கவே விட மாட்டேங்கறாங்க சார். அலமாரி காலியா கிடக்கு. ராத்திரி மட்டும் கோட்டக் கழட்ட விடறாங்க, காலைல மறுபடி மாட்டிக்கறாங்க. இந்த வெயில்ல!"

ட்ரூடி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரை பொத்தான் போட்ட குளிர்காலக் கோட்டு, கம்பளித் தொப்பி. நெற்றித் தழும்பின் மேல் வியர்வை வழிந்தது. பெட்டி காலடியில் தயாராக இருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஜனவரி வந்துடுச்சா டேரி?"

"இன்னும் இல்லம்மா."

"சரி" என்று திரும்ப உட்கார்ந்தாள். "நான் ரெடி."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டின் மேல் பொத்தானை அவிழ்க்கப் போனான். அவள் அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு, நிதானமாக அதைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பொத்தான் போடக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவன் காத்திருந்தான். கோல்பி ஹவுஸை யாரோ வாங்கிவிட்டார்கள் என்பதையும் தக்காளிப் பாத்தியின் மேல் இப்போது கார் நிற்கிறது என்பதையும் அவன் அன்றைக்குச் சொல்லவில்லை.