சடை யானை விட்ட மூச்சு

இந்தக் காலத்து ஜனங்களிடம் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், இதில் நமக்கு என்ன கிடைக்கும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அருங்காட்சியகக் கூடத்தில் இரும்புக் குழாயும் சணல் மயிருமாகச் செய்து நிறுத்தியிருந்த பனியுகத்துச் சடை யானை, கண்காட்சி திறந்த மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு மூச்சுவிட ஆரம்பித்தது. எதிரே நின்ற நாற்பத்தொரு பேரில் ஒருவரும் பயப்படவில்லை. "எத்தனை மணி வரைக்கும் விடும்?" என்றுதான் கேட்டார்கள்.

மூச்சு அப்படிக் குளிர்ந்தது. வெளியே தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். ஆதிகாலத்தில் பனி உருகி, மேய்ச்சல் போய், அந்த மிருகம் பூண்டோடு அழிந்தது, இப்போது உலகம் மறுபடி சூடாகிறது, நமக்கும் அதே கதிதான் என்று எச்சரிப்பதற்காகத்தான் அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

அதன் இரும்புக்கூட்டைப் பற்றவைத்த வெல்டருக்கு இந்த எச்சரிக்கையில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் நெருப்பின் முன்னால் குந்தியிருந்த ஆளிடம் வந்து உலகம் சூடாகிறது என்றால் அவர் என்னத்தைச் சொல்வார்? ஆனால் மூச்சு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு முனையும் மூடிய குழாயைப் பற்றவைத்தால், உள்ளே அடைபட்ட காற்று சூடேறி, உருகின இரும்பை முகத்தில் துப்பிவிடும். அதற்காகச் சுண்டுவிரல் நுழைகிற துளை ஒன்று போட்டுக்கொண்டு, வேலை முடிந்து ஆறினபிறகு அதை அடைப்பது வழக்கம். திறப்பு விழா அவசரத்தில் வயிற்றடித் துளையை அடைக்க அவர் மறந்துவிட்டார். யானை அதன் வழியாகத்தான் மூச்சுவிட்டது.

அடைக்கப் போனவரை மேற்பார்வையாளர் மறித்துக்கொண்டார். "அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், அதுல கை வச்சிராதீங்க. இந்தக் கட்டடத்துக்குக் கூட்டம் வந்ததே இப்பதான்."

யானை எக்கேடு கெட்டால் வெல்டருக்கென்ன. அவருடைய ஒரே மகள், தாயில்லாமல் வளர்ந்தவள், அதன் காலடியில் மைக்கைப் பிடித்து விளக்கம் சொல்கிற வேலையில் இருந்தாள். அவருடைய பயமெல்லாம் அவளைப் பற்றித்தான்.

முதல் வாரம் வரிசையில் வந்தார்கள். இரண்டாம் வாரம் பாய் தலையணையோடு வந்தார்கள். மூன்றாம் வாரம், வயிற்றடி இடத்துக்காக ஒரு கசாப்புக்கடைக்காரர் ஒரு வாத்தியாரின் முன்பல் நான்கைப் பெயர்த்தார். வாத்தியார் மறுநாள் தம்பிமார்களோடு வந்து, கடைக்காரரின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். குளிரில் இரத்தம் விழுந்த இடத்திலேயே உறைந்துவிட்டதால், துடைக்கத் தேவையில்லை, பெருக்கினாலே போதும் என்று துப்புரவுக்காரிக்கு வேலை பாதியானது. மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "சூடு கூடினதாலதான் இது செத்துச்சு."

"இந்தக் குளுகுளுப்புலயா செத்துச்சு? குடுத்து வச்ச மாடு," என்றார் படுத்திருந்த ஒருவர்.

"மாடு இல்லைங்க, யானை."

"ஏதோ ஒண்ணு. மைக்கைக் கொஞ்சம் அமத்தும்மா, தூக்கம் வருது."

பிறகு எவனோ மூளையைக் கசக்கினான். ஒரு துளைக்கே இவ்வளவு குளிர் என்றால், நூறு துளை போட்டால் தெருவெல்லாம் குளிருமே. ஒரு நடுப்பகலில் கடப்பாரையும் துளைபோடும் மெஷினுமாக முந்நூறு பேர் உள்ளே நுழைந்தார்கள். முதல் குத்துக்கு யானை பிளிறியது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. குறுக்கே நின்ற மகளின் வலது கையை முழங்கைக்குக் கீழே கம்பியால் அடித்து முறித்தார்கள். அவள் விழவில்லை. இடது கையால் யானையின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டாள்.

சேதி கேட்டு வெல்டர் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கூட்டமே விலகி வழிவிட்டது. "நகருங்கப்பா, பெரியவர் பெருசாவே போடுவாரு" என்று தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார்கள்.

"விட்டுட்டு வாம்மா."

"வரமாட்டேன். கொன்னுருவாங்க இதை."

"இரும்பை எவனாலடி கொல்ல முடியும்?"

"மூச்சு விடுதுல்லப்பா. நீங்க வச்ச மூச்சு."

அவளைப் பிய்த்தெடுக்க இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. துளை போடாமல் நேரம் கடத்துகிறார் என்று பின்னாலிருந்து கடப்பாரை ஒன்று அவர் விலாவில் இறங்கியது. அவர் மண்டியிட்டு, யானையின் நாலு காலையும் தரையோடு பிடித்திருந்த பதினாறு போல்ட்டையும் ஒவ்வொன்றாக அறுத்தார். பதினாறாவது தெறித்ததும் யானை சணல் தும்பிக்கையால் மகளைச் சுற்றித் தூக்கித் தந்தத்தின் மேல் வைத்துக்கொண்டு நடந்தது. கதவு பக்கம் போகவில்லை, ஆட்கள் நின்ற பக்கமே போனது. சுவரையும் சேர்த்துக்கொண்டது. பதினொரு பேர் செத்தார்கள். கசாப்புக்கடைக்காரரும் வாத்தியாரும் ஒருவர் மேல் ஒருவர் கிடந்தார்கள். மேற்பார்வையாளரை அவருடைய சாவிக்கொத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

யானை ஊருக்கு வெளியே வற்றின ஏரியில் போய் நின்றது. நாலு வருஷமாக அங்கேதான் நிற்கிறது. சுற்றிக் கம்பிவேலி, கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வந்துவிட்டன. மகள் கோணலாகக் கூடின கையில் மைக்கைப் பிடித்து அதே விளக்கத்தைச் சொல்கிறாள். வருகிறவர்கள் அவளுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள், முதுகில்தானே வேர்க்கிறது.

வெல்டர் தினமும் மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். ஒருநாள் அவள், "அப்பா, அந்தத் துளையில கை வச்சுப் பாருங்க. போன மாசத்தைவிட வெதுவெதுன்னு வருது," என்றாள்.

குனிந்து உள்ளங்கையை வைத்தார். பற்றவைத்த இடம் ஆறிவிட்டதா என்று பார்க்கிற அளவு நேரம் வைத்திருந்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"வெயில்ல நடந்து வந்தேன். அது என் கைச் சூடு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் நடந்துதான வந்தேன்."

காலிச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, வெயில்காலம் என்றால் வெயில் அடிக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லியபடி, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் ஏரியைத் தாண்டி நடந்தார். பின்னால் யானை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.