கினுயே தேநீர் கொடுத்த நாள்

இது நடந்தது ஜனவரியிலா பிப்ரவரியிலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தெய்சோ இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஒருமுறை ஜன்னலை மறைக்கிற அளவுக்குப் பனி என்றார். இன்னொருமுறை நல்ல வெயில் என்றார். மிச்சத்தையும் நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். அவர் பேசியதைவிடப் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம்.

சகாத்தா துறைமுகத்துக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. தெய்சோ இசோபே ஐஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கினுயே வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் விருந்தினருக்குப் பரிமாறும் வேலையில் இருந்தவள். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் அடுப்பு எதற்கு என்பதே மறந்துபோனது. பிறகு ஒருநாள், குளித்துவிட்டு வந்த தெய்சோவைப் பார்த்து, திருடன் என்று கரண்டியால் அடித்தாள். அன்றிலிருந்து அவர் தன் வீட்டிலேயே சத்தமில்லாமல் நடக்கப் பழகினார். அவளுடைய ஈரத் துணிகளை அலசுவார், வாசல் கதவைப் பூட்டுவார், பூட்டினோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பார். மகன் ஹிதெயுகி சைத்தாமாவில் இருந்தான். தொலைபேசியில் கேட்டால், "இருக்கோம்" என்பார்.

ஊரில் இரண்டு முதியோர் இல்லங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது தனியாருடையது. கூடத்தில் பியானோகூட உண்டு. கணவன் மனைவி இருவரின் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கொட்டினாலும் அங்கே மாதத்தை ஓட்ட முடியாது. குன்றுக்குப் பின்னால் இருப்பதில் அவரவர் வருமானத்துக்குத் தகுந்த கட்டணம். ஆனால் ஒருவருக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்று நகராட்சி ஆய்வு செய்து, ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலை என்றோ அதற்கு மேல் என்றோ சொன்னால்தான் அங்கே வரிசையில் பெயர் ஏறும். கினுயேவுக்கு அந்த மூன்று கிடைக்க வேண்டும். இல்லையென்றால் தெய்சோ விழும்வரை அவரேதான்.

முதியோர் உதவி மையத்திலிருந்து தொகாஷி அம்மாள் வந்து போவார். ஆய்வு நாள் முடிவானதும் அவர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இசோபே ஐயா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அன்னிக்கு வீட்டைப் பெருக்கி வைக்காதீங்க. அம்மாவுக்கு நல்ல துணி போட்டு விடாதீங்க."

"ஆள் வர்றப்ப பெருக்காம இருக்கறதா? நல்லா இருக்கே கதை."

"நம்ம ஊர்ல எல்லாரும் அங்கதான் கோட்டை விடறாங்க. என் மாமியாரு படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டாங்க. ஆய்வுக்காரங்க வந்ததும் எந்திரிச்சு ஒத்தக்கால்ல நின்னு காட்டிட்டாங்க. அவங்க போனதும் விழுந்தவங்கதான்."

தெய்சோ சிரித்தார். "கொக்கு மாதிரியா?"

"சிரிங்க, சிரிங்க. அம்மா எதிர்ல சொல்ல சங்கடமா இருந்தா வாசல்ல வச்சு உள்ளதைச் சொல்லிடுங்க. நான் வேணா கூட இருக்கட்டுமா?"

"வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்."

தொகாஷி அம்மாள் சொன்னபடியே தெய்சோ செய்தார். பெருக்கவில்லை. அவள் தலையைச் சீவவில்லை. அப்படி விட்டிருந்ததே அவருக்கு அவளைத் தெருவில் நிறுத்தியது போல் இருந்தது. சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் பெண் குரல் கேட்டது. நகராட்சியிலிருந்து வந்த குதோ என்ற பெண். தெய்சோ எழுவதற்குள் கினுயே எழுந்துவிட்டாள். இரண்டு உள்ளங்கையாலும் முடியை அழுத்திப் படிய வைத்தாள். வாசல்படியருகே மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றித் தலை தாழ்த்தினாள்.

"இந்தக் குளிர்ல வந்திருக்கீங்களே. கால் வழுக்கலியே? உள்ள வாங்க, உள்ள வாங்க."

அந்தக் குரலைத் தெய்சோ கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளிருந்து யாரோ வேறொருத்தி வந்துவிட்டது போல் அவர் திகைத்து நின்றார்.

அவள் வெந்நீரை முதலில் கோப்பைகளில் ஊற்றி ஆறவிட்டாள், பிறகு தேயிலையில் ஊற்றினாள். சிவப்புக் கிழங்கு ஊறுகாயைத் தேடி எடுத்துத் தட்டில் வைத்தாள். விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, தெய்சோவின் கோப்பையை மட்டும் தள்ளி வைத்தாள்.

"இவருக்குப் பூனை நாக்கு, சூடு தாங்காது. சூடாக் குடிச்சுட்டு ரெண்டு நாளைக்கு என்னையத்தான் திட்டுவாரு."

குதோ கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. பிறந்த தேதி, இப்போது என்ன பருவம், எல்லாம். எழுந்து நிற்கச் சொன்னபோது கினுயே நின்றாள்.

"கழிப்பறைக்கு நீங்களே போய்க்கிறீங்களா?"

"அதெல்லாமா கேப்பீங்க? இவரைக் கேளுங்க, வயசு இவருக்குத்தான் கூட."

குதோ சிரித்துவிட்டுத் தெய்சோ பக்கம் திரும்பினாள். "அப்படித்தானுங்களா?"

உருட்டி வைத்திருந்த சொற்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. கினுயே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் என்று தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கோப்பையைத் தொட்டார். குடிக்கிற பதத்துக்கு ஆறியிருந்தது.

"ஆமாங்க. அவளே பாத்துக்குறா."

கிளம்பும்போது குதோ பூட்ஸ் போட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். இந்த ஊர் வீடுகளைப் பார்த்துப் பழகியவள். குனிந்தபடியே, "வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம், ஐயா" என்றாள். தெய்சோவுக்குப் பின்னால் கினுயே இன்னும் தலை தாழ்த்தியபடி இருந்தாள்.

"பாலத்துக்கிட்ட வழுக்கும். பாத்துப் போங்க" என்றார் அவர்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றித் தரச் சொல்லலாம் என்று நினைத்தார். சொல்வதற்கு வேறு விஷயங்களும் இருந்தன. ஹிதெயுகியின் மகளுக்குக் கல்யாணம் ஆனது அவளுக்குத் தெரியாது. தன் தங்கை இறந்ததும் தெரியாது. எதிலிருந்து தொடங்குவது என்று அவர் யோசித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

கினுயே தட்டை எடுத்துக்கொண்டே மரியாதையாகக் கேட்டாள். "நீங்க கிளம்பலியா? வீட்டுல தேட மாட்டாங்களா?"

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் இருவரும் அப்படியே இருந்தார்கள். கணப்பில் எண்ணெய் தீர்ந்து தானே அணைந்தது. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்தார்.

ஒன்றாம் நிலை என்று முடிவு வந்தது. வாரத்தில் சில நாள் பகல்நேர மையம், அவ்வளவுதான். தொகாஷி அம்மாள் கடிதத்தைப் படித்து மடித்துக் கொடுத்தார்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. அம்மாவுக்குக் கேக்காமக்கூட அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்."

"விருந்தாளி முன்னால அவளை எப்படிம்மா..."

"திரும்ப விண்ணப்பிக்கலாம். இந்தத் தடவை நான் கூட இருப்பேன்."

"வசந்தம் வரட்டும்."

வசந்தம் வருவதற்குள் ஒரு காலை, தெய்சோ களைப்பில் கண்ணயர்ந்திருந்தபோது, கினுயே வீட்டுச் செருப்போடு வெளியே போய் மீன்சந்தைப் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மருத்துவமனைப் படுக்கையிலேயே மறுபடி ஆய்வு நடந்தது. நான்காம் நிலை கிடைத்தது. இலையுதிர் காலத்தில் குன்றுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அங்கே அவள் இரண்டு குளிர்காலம் இருந்தாள். நடக்கவில்லை, யாரையும் அடையாளம் கண்டதாகவும் தெரியவில்லை. தெய்சோ பஸ்ஸில் போய்ப் பார்த்துவந்தார். இரண்டாவது குளிர்காலத்தில் நிமோனியா வந்து இறந்துபோனாள். தொகாஷி அம்மாள் பணி ஓய்வு பெற்றுவிட்டார். குதோ இப்போதும் வீடுவீடாகப் போகிறாள். ஹிதெயுகி அப்பாவைச் சைத்தாமாவுக்குக் கூப்பிட்டான், அவர் போகவில்லை. போன வருடம் அவருக்கும் ஆய்வு நடந்தது. கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னார். இரண்டாம் நிலை கொடுத்தார்கள். அந்த வீட்டில் தனியாக இருக்கிறார்.