எல்லாம் அவனே செய்வான்

பெண் பார்க்க வருகிறவர்கள் முன் நிறுத்துவதுபோல, மதிப்பீட்டு நாளன்று நம் ஆட்கள் பிள்ளையைச் சோடித்துக் கூட்டிவருவார்கள். வைதேகி பன்னிரண்டு வருடமாக இதைப் பார்க்கிறாள். வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும், மண்டையை ஆட்டிவிட்டு அதையேதான் செய்வார்கள். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு எந்தப் பராமரிப்பு நிலையம் பொருந்தும் என்று குடும்பங்களுக்கு வழிகாட்டுவது அவள் வேலை. சிங்கப்பூரில், தேக்கா பக்கத்துச் சின்ன அலுவலகம்தான். ஆனால் அவள் கைகாட்டிய இடம் இதுவரை தப்பியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு.

"நேத்து போன்ல என்ன சொன்னேன் அங்கிள்? எப்பவும் இருக்கற மாதிரி கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

பரமசிவம் அசடு வழியச் சிரித்தார். பக்கத்தில் அவருடைய முப்பத்தாறு வயது மகன் ரஞ்சன், மழமழவென்று வழித்த முகமும் புதுச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் அவனே செஞ்சுக்கிட்டான்மா."

பரமசிவம் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மனைவி போய் இரண்டு வருடமாகிறது. அடுத்த மாதம் அவருக்கு இருதய அறுவைசிகிச்சை. அதற்குள் ரஞ்சனுக்கு ஓர் இடம் பார்த்தாக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில், பூன் லேயில், பொட்டலம் கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கான இடம் அது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குவீன்ஸ்டவுனில் இருந்த இல்லத்திலோ குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, இரவும் தங்கவைத்துக் கவனிப்பார்கள். அங்கே காலியாக இருந்தது ஒரே இடம். பரமசிவத்துக்குப் பட்டறை மேல்தான் கண். 'பையன் வேலைக்குப் போறான்' என்று காப்பிக்கடையில் சொல்லலாமே! வைதேகிக்குக் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

மதிப்பீடு செய்ய வந்த மைமூன் படிவத்தைப் பிரித்தார்.

"தனியா குளிப்பாரா?"

"குளிப்பான்."

"சட்டை பட்டன்?"

"போடுவான்."

"வீட்டுல தனியா இருப்பாரா?"

"அதெல்லாம் பிரச்சினையே இல்ல லா."

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு டிக் விழுந்தது. குவீன்ஸ்டவுன் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. மதிப்பீட்டின்போது குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. வைதேகிக்கு விதிகள் மேல் மரியாதை உண்டு. இன்றைக்கு அவ்வளவாக இல்லை.

"ரஞ்சனையும் ஒரு வார்த்தை கேக்கலாமா மைமூன்?"

மைமூன் தலையசைத்தார்.

"ரஞ்சன், காலையில உங்கள யார் குளிக்க வெச்சாங்க?"

"அப்பா."

"ஷேவ்?"

"அப்பா." தாடையைத் தடவிக் காட்டினான்.

"ஷூ?"

"அப்பா!" இது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தான்.

"அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா?"

அவன் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "நானும் போவேன்."

பரமசிவம் குனிந்துகொண்டார்.

"அவங்கம்மா இருந்தப்பவும் நான்தான்மா எல்லாம் செய்வேன்," என்றார். "வெளிய சொன்னா அவனுக்குக் குறைச்சல்னு நெனச்சேன்."

"குறைச்சலா? நீங்க ஒத்த ஆளா செய்யறத அங்க மூணு பேர் ஷிப்ட் போட்டுச் செய்யறாங்க அங்கிள். உண்மையச் சொல்லுங்க, இடத்த வாங்கித் தர்றது என் பொறுப்பு."

வெறும் வாய்ச்சொல் இல்லை. இனி உள்ளதைச் சொன்னால் போதும், இடம் ரஞ்சனுக்குத்தான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மைமூன் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுப் புதுப் படிவம் எடுத்தார். "முதல்லேருந்து கேக்கறேன் ஐயா. தனியா குளிப்பாரா?"

பரமசிவம் மகனைப் பார்த்தார்.

"மாட்டான்," என்றார். "தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். எடுத்ததும் தலையில ஊத்திடாதீங்க, பயந்துருவான். முதல்ல கால்ல ஊத்துங்க. அப்புறம் அவனே தலையக் குனிஞ்சு காட்டுவான்."