காத்தமுத்துவின் மிதிக்கட்டை

எனக்கு முடக்குவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. வலி காலையில்தான் அதிகம். கல்யாணங்களும் காலையில்தான் நடக்கின்றன. வெந்நீரில் கையை ஊறவைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தால் விரல்கள் கொஞ்சம் திறக்கும். வலது ஆள்காட்டி விரல் மட்டும் எந்த நேரத்திலும் மடங்காது. கேமராவின் பொத்தானை அழுத்த வேண்டிய விரல் அது.

கோட்டுச்சேரியில் என் ஸ்டுடியோவைப் பூட்டிவிடலாம் என்றிருந்தபோதுதான் காத்தமுத்து அண்ணனிடம் போனேன். படகு எஞ்சின் மெக்கானிக். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"காலு நல்லாருக்கா?"

"இப்போதைக்கு நல்லாருக்குண்ணே."

"இப்போதைக்கு நல்லாருந்தா போதும். எஞ்சினுக்கும் அதத்தான் சொல்றேன், ஒரு பய கேக்க மாட்டேங்குறான்."

ஒரு மாதத்தில் செய்து கொடுத்தார். கேமராவைத் தாங்க ஒரு அலுமினியக் குழாய். பாரம் கையில் இறங்காமல் இருக்க இடுப்பில் ஒரு பெல்ட். குழாயின் அடியில் ஒரு மிதிக்கட்டை, அதிலிருந்து கேமராவுக்கு ஒரு ஒயர். காலால் மிதித்தால் படம் விழும். ஒரு பகல் முழுக்கக் கடல் தண்ணீர் வாளியில் மிதிக்கட்டையை அமுக்கி வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார். உப்பு, மணல், மழை மூன்றும் ஒன்றும் செய்யாது என்றார். செய்யவும் இல்லை. அதை வைத்து இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.

ஆனாலும் அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன. குழாயும் ஒயருமாக மணமேடையில் ஒருத்தி நிற்பது பலருக்குப் பிடிக்கவில்லை. இந்த வைகாசியில் எனக்கு இருந்தது ஒரே கல்யாணம், காத்தமுத்து அண்ணன் மகள் இளவேனிலுடையது. மாப்பிள்ளை வீட்டார் நாகப்பட்டினத்திலிருந்து ஆள் கூட்டிவருவதாகச் சொன்னார்களாம். "ஷர்மிளாதான் எடுக்கும்" என்று அண்ணன் ஒரே பேச்சாக முடித்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அண்ணனின் ஊரான திருவேட்டக்குடியில் ஒரு படகும் கடலில் இல்லை, ஊரே பந்தலில் இருந்தது. இந்தக் கல்யாணத்தை ஒழுங்காக எடுத்துவிட்டால் ஆவணிக்கு இரண்டு மூன்று இடம் கிடைக்கும். எடுக்காவிட்டால் இதுதான் கடைசி. எனக்கு அது தெரிந்தே இருந்தது.

கெட்டிமேளம் ஒலித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மேளச் சத்தத்தில் கேமராவின் ஒலி கேட்காது. குழாய் வழியாகத் தோளுக்கு ஒரு சின்ன அதிர்வு வரும், படம் விழுந்ததை அதை வைத்துத்தான் அறிவேன். பின்னாலிருந்து அட்சதை வந்து என் கழுத்திலும் தலைமுடியிலும் விழுந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். மிதித்தேன்.

அதிர்வு வரவில்லை.

மறுபடி மிதித்தேன். மிதிக்கட்டை பாதி இறங்கி நின்றது. முதல் முடிச்சு. விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். அது குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது முடிச்சு. உள்ளங்கையின் ஓரத்தால் அடித்தேன், கேமரா சாய்ந்து பந்தலின் சீரியல் பல்புகள் மட்டும் பதிந்தன. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடித்தாள். இளவேனில் தலை நிமிர்ந்து நேராக என் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அது. அதையும் என்னால் எடுக்க முடியவில்லை.

வீடியோ எடுத்த சிவபாலன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். அவன் பதிவில் அந்த நேரம் முழுக்க நாத்தனாரின் முதுகு. சுற்றி நின்றவர்களின் செல்போன்களிலோ அடுத்தவர்களின் கைகள்.

வீட்டுக்கு வந்து மிதிக்கட்டையைக் கவிழ்த்துத் தட்டினேன். மூன்று அரிசி விழுந்தன. மஞ்சளும் நெய்யும் சேர்ந்து கீலின் இடுக்கில் ஒட்டியிருந்தவை. கடலுக்குத் தாங்கும்படி செய்தவர் கல்யாணத்தை யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. இதற்கு முன் எடுத்த கல்யாணங்களில் ஏன் விழவில்லை என்று தெரியாது. விழாமல் போனது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

மூன்று நாள் யோசித்தேன். என் கால் தவறியது என்றால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். பேட்டரி தீர்ந்தது என்றால் பொறுப்பில்லாதவள் என்பார்கள். உண்மையைச் சொன்னால் மட்டும்தான் நான் தொடர்ந்து வேலை பார்க்க முடியும். என்னை நினைத்துத்தான் உண்மையைச் சொன்னேன்.

அண்ணனும் அவர் மனைவி அல்லியும் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்திருந்தார்கள். தாலி கட்டும் படம் இல்லை என்று சொல்லி, அரிசியைக் காகிதத்தில் வைத்துக் காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எந்தப் பய போட்டதோ. சோத்துக்கு இல்லாதப்ப இவ்ளோ அரிசி எவனும் தர மாட்டான்."

அல்லி அண்ணியும் சிரித்தார். "ஏன், ஷர்மிளாவுக்குப் பின்னாடி நின்னது நீங்கதான? தட்டோட அள்ளிக் கொட்டுனீங்க. மெதுவா போடுங்க, மெதுவா போடுங்கன்னு நான் தலையில அடிச்சிக்கிட்டேன்."

தெருவில் கருவாட்டுக்காரம்மா கூவிக்கொண்டு போய், குரல் அடுத்த தெருவில் கேட்டு, பிறகு அதுவும் நின்றது. அண்ணன் மிதிக்கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"செஞ்சி தாரேன்" என்றார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. ஆனி போய் ஆடியும் பாதி போனது. நெடுங்காட்டிலிருந்து ஒருவர், ஆவணிக் கல்யாணத்துக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணனின் பட்டறைக்குப் போனேன்.

மிதிக்கட்டை மேசை மேல் ஒரு துணியில் பிரித்துக் கிடந்தது. ஒவ்வொரு திருகும் பளபளவென்று துடைத்திருந்தது. பக்கத்தில் வெவ்வேறு அளவில் வெட்டிய ரப்பர் உறைகள், ஏழோ எட்டோ.

"மூடுனா மிதி எறங்க மாட்டேங்குது. தொறந்து வுட்டா எதாவது போயிடும்."

"பரவால்லண்ணே. பழையபடியே மாட்டிக் குடுங்க. நான் பாத்துக்குறேன்."

"வேணாம்மா." என்னைப் பார்க்காமல் சொன்னார். "என்னால அதுல இனிமே கை வைக்க முடியல. இளவேனிக்கு இன்னும் சொல்லல. படம் வந்துச்சாப்பான்னு தெனம் போன் பண்ணுது."

திரும்பிப் போய் எஞ்சின் முன்னால் குந்தினார். நான் திருகுகளைப் பொறுக்கப் பார்த்தேன். ஒன்றுகூட விரலில் நிற்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் எழுந்து வரவில்லை.

போன் அடித்தது. நெடுங்காட்டுக்காரர்.

"என்னங்க, முடிவு பண்ணிட்டீங்களா? பத்திரிகை அடிக்கக் குடுக்குறோம், அதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

அண்ணனின் கையில் ஸ்பேனர் அசையாமல் நின்றது.

"இல்லீங்க," என்றேன். "அன்னிக்கி வர முடியாது. வேற ஆள பாத்துக்குங்க."

வைத்துவிட்டேன். ஸ்பேனர் மறுபடி திரும்பத் தொடங்கியது.