சுவரோரம் ஓட்டிப் பார்த்தது

ஜன்னல் கண்ணாடிகள் இரண்டையும் இறக்கிவிட்டு, பட்டறையின் நீண்ட மதில் சுவரை ஒட்டி, நடக்கிற வேகத்தில் பிக்கப்பை ஓட்டச் சொன்னார் மெக்கானிக். வண்டிக்கு அடியில் பிறக்கும் சத்தம் சுவரில் மோதித் திரும்பும்போது, அது எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பது தெளிந்துவிடும். இருபத்தாறு வருடத் தொழிலில் அவருக்குக் கைகொடுத்து வந்த வழி அது. ஒரே குறைக்காக மூன்றாவது முறை வந்திருக்கிறது இந்த வண்டி. முதலில் பிரேக் கட்டைகளை மாற்றினார். அடுத்த முறை பின்பக்க வில்பட்டைகளின் ரப்பர் புஷ்களை. இரண்டு முறையும் தானே ஓட்டிப் பார்த்து, சத்தம் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார். ஓட்டுகிறவன் அவருடைய தங்கையின் கணவன், வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். கணக்குப் பார்த்துக் கேன் இறக்குவதற்காக, நாள் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறவள் தங்கை.

"கேக்குதா மச்சான்?" ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடி அவன் தலையை நீட்டினான். "கீச் கீச்னு, எலிக்குட்டிய மிதிச்ச மாதிரி. வேகம் கூடக்கூட அதுவும் சேர்ந்து கத்துது."

அவர் வண்டியோடு கூடவே நடந்தார். இன்ஜினின் உறுமல் கேட்டது. டயருக்கடியில் சரளை நெரிபடுவது கேட்டது. எங்கோ ஒரு தகரக் கதவை இழுத்துச் சாத்தியதும் கேட்டது.

"ஒண்ணும் இல்லையே மாப்ள."

"இல்லையா? ஊரான் வண்டின்னா இப்படிச் சொல்வீங்களா? சொந்தக்காரன்தானே, எங்க போயிடப் போறான்னு நெனப்பு. உங்க தங்கச்சியே சொல்லிட்டா, இனிமே வேற எங்கயாச்சும் காட்டுங்கன்னு."

அவருக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தபோது, எதிரே இருந்த தையல்கடைக்காரி மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அண்ணே, அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் கிண்ணெய் விடுங்களேன். பல்லு கூசுது" என்றாள்.

அத்தனை தொலைவில் இருப்பவளுக்குப் பல் கூசுகிறது. இரண்டடி தள்ளி நடக்கிற தனக்கு ஒன்றுமில்லை. காலையில் போனில் அலாரம் அடித்து ஓய்ந்த பிறகு மனைவி வந்து தோளை உலுக்கி எழுப்புவதையும், தூக்கம் அதிகமாகிவிட்டது என்று அவள் கேலி செய்வதையும் அவர் நினைத்துக்கொண்டார். பேச்சும் உறுமலும் விழுகிற காதிலிருந்து கீச்சென்ற சத்தங்களை மட்டும் கிரைண்டரும் சுத்தியலும் இத்தனை வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து எடுத்துக்கொண்டு போயின என்பது அந்தச் சுவரோரம் நின்றபோது அவருக்கு விளங்கியது. அதிர்ச்சியாகக்கூட இல்லை. வேலை முடிந்து உட்காரும்போது முழங்காலில் தெரியுமே, அதுபோன்ற ஓர் அலுப்பாக இருந்தது.

வண்டியை உள்ளே விடச் சொன்னார். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு அடியில் படுத்தார். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டை இரு கைகளாலும் பற்றி, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லத் திருப்பினார். பின்முனையில் ஓரிடத்தில் தண்டு தயங்கி, பிறகு தாண்டியது. மறுபடி திருப்பினார்; அதே இடத்தில் அதே தயக்கம். விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, தண்டைப் பின் அச்சோடு இணைக்கும் சிலுவை வடிவ மூட்டான கிராஸின் மூடியைச் சுற்றிச் செங்கல் பொடிபோல் துரு படிந்திருந்தது.

கழற்றி எடுத்ததும் மூடிக்குள்ளிருந்த ஊசிபோன்ற சிறு உருளைகள் பாதிக்கு மேல் தூளாகக் கொட்டின. கிரீஸின் ஈரம் துளிகூட இல்லை. உள்ளங்கையில் அதை ஏந்தி மாப்பிள்ளையிடம் காட்டினார்.

"இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா தண்டு கழண்டு ரோட்டுல விழுந்திருக்கும். லோடு வேற. அவளும் உள்ள உக்காந்திருப்பா."

"இதைத்தானே மச்சான் நானும் கத்திக்கிட்டுக் கெடந்தேன்?"

"எனக்கு அது கேக்கல மாப்ள."

"இன்னிக்கா?"

"மூணு தடவையும்."

அவன் சிரித்துவிட்டான். "அப்ப உங்க தங்கச்சி திட்டுறதும் கேட்டிருக்காது. குடுத்து வச்சவர்தான்." சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பிக்கொண்டான்.

புதுக் கிராஸைப் பொருத்திக் கையால் சுற்றிப் பார்த்தார். தண்டு எங்கும் தயங்கவில்லை. கை சொன்னதை முழுதாக நம்ப முடிந்திருந்தால் வண்டியை அப்படியே அனுப்பியிருப்பார். இம்முறை பக்கத்து இருக்கையில், தங்கை உட்காரும் இடத்தில், அவர் ஏறிக்கொண்டார்.

"ஓட்டுங்க. நீங்கதான் சொல்லணும்."

சுவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அவர் சாலையைப் பார்க்கவில்லை; மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். சுவர் முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பி, கொஞ்சம் வேகமெடுத்து, இன்னொரு முறை அதே வழியே வந்தான். உதடுகள் அசைந்தன. அவர் புருவத்தை உயர்த்தினார்.

அவன் வண்டியை நிறுத்தி, முழுதாக அவர் பக்கம் திரும்பினான். "போயிருச்சு மச்சான். சத்தம். சுத்தமா. போயிருச்சு" என்றான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, உரக்க, வாயை அகலத் திறந்து சொன்னான். அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. பிறகு, இன்னும் ஏதோ சொல்ல இருப்பவன்போல அவர்மேல் குறுக்கே சாய்ந்து, அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றலானான். தெருவின் இரைச்சலை மெல்ல மெல்ல அடைத்தபடி, விரல் ரேகைகள் படிந்த கண்ணாடி அவர் காதருகே மேலேறிக்கொண்டிருந்தது.